தளபதியோட செக்ரட்டரின்னா உண்மையில யாரு? வாஷிங்டன் எழுதின ஒரு அழைப்புக் கடிதத்தை வெச்சு ஒரு எளிய விளக்கம்

மிலிட்டரி செக்ரட்டரின்னு ஒரு போஸ்ட் இருக்குன்னு சொன்னா ரெண்டு விதமான பதில்தான் வரும். ஒண்ணு, "ஓ, ஜெனரல் சொல்றத எழுதிக்கிட்டு ஃபைல் தூக்கிட்டு பின்னாடி போறவரா?" இன்னொண்ணு, அமெரிக்க சுதந்திரப் போரைப் பத்தி நாலு வீடியோ பாத்தவங்க சொல்றது, "படைத் தளபதி வாஷிங்டன் சும்மா கையெழுத்துதான் போட்டாரு, மூளை எல்லாம் அவரோட உதவி அதிகாரி ஹாமில்டனோடது". முதல் பதில் அந்த ஆளை எடுபிடி ஆக்குது, ரெண்டாவது அவரை நிழல் ராஜா ஆக்குது. நெஜம் ரெண்டும் இல்ல, அதுக்காக நடுவுல எங்கயோ பாதிபாதின்னும் இல்ல, அது தனியா ஒரு வேலை, அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அந்த முறை புரிஞ்சுட்டா ரெண்டு பதிலும் ஏன் தப்புன்னு தானா தெரிஞ்சிரும்.

இதுக்கு நல்ல ஆதாரம் ஒண்ணு கையிலயே இருக்கு. 1781 ஏப்ரல்ல ஜார்ஜ் வாஷிங்டன் தன்னோட புது செக்ரட்டரியா வரச் சொல்லி ஒருத்தருக்கு எழுதின கடிதம். பெரிய வசனம் எதுவும் இல்லாத சின்ன கடிதம்தான், ஆனா வேலைக்குக் கூப்பிடுற முதலாளி என்ன சொல்றாரு, என்ன சொல்லாம விடுறாருன்னு பாத்தா அந்த வேலையோட முழு உருவமும் தெரியும்.

கடிதம் யாருக்கு, ஏன்

1781 ஆரம்பத்துல வாஷிங்டனோட ஆபீஸ் கிட்டத்தட்ட காலி. நியூயார்க் பக்கம் ஹட்சன் ஆத்தங்கரையில நியூ விண்ட்சர்னு ஒரு ஊர்ல தலைமையகம். பிப்ரவரி 16ஆம் தேதி மாடிப்படியில ஒரு சண்டை. "பத்து நிமிஷம் காக்க வெச்சுட்டே, மரியாதை இல்லாம நடந்துக்கறே"ன்னு வாஷிங்டன் கோபப்பட, அலெக்சாண்டர் ஹாமில்டன் அந்த இடத்துலயே "அப்ப நாம பிரிஞ்சுடலாம்"னு சொல்லிட்டாரு. ஒரு மணி நேரம் கழிச்சு வாஷிங்டன் ஆள் அனுப்பி சமாதானம் பேசினாரு, ஹாமில்டன் மசியல. மாமனார் ஷைலருக்கு எழுதின கடிதத்துல நடந்த எல்லாத்தையும் வரிவரியா சொல்லியிருக்காரு. ரொம்ப நாளா அவருக்குப் போர்க்களத்துல ஒரு படைப்பிரிவு வேணும்னு ஆசை, மேஜை வேலை அலுத்துப்போச்சு, அந்தப் பத்து நிமிஷம் ஒரு சாக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அதுக்கு அடுத்த மாசம் இன்னும் பெரிய இழப்பு. ராபர்ட் ஹான்சன் ஹாரிசன், 1776லேருந்து செக்ரட்டரியா இருந்தவரு, எல்லாரும் "ஓல்ட் செக்ரட்டரி"ன்னு கூப்பிடுவாங்க, அவரு மேரிலாண்ட்ல நீதிபதி பதவி கெடைச்சுக் கெளம்பிட்டாரு. ஹாமில்டன் போனதைப் பத்தி எழுதாத ஆள் கெடையாது. ஹாரிசன் போனதைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஆனா ஆபீஸ் நடத்தினவங்களுக்குத் தெரியும், அஞ்சு வருஷமா எந்தக் காகிதம் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் போறதுதான் உண்மையான அடி.

அப்பதான் கனெக்டிகட் கவர்னரோட மகன் ஜோனதன் ட்ரம்புல் ஜூனியருக்கு வாஷிங்டன் எழுதறாரு. சாரம் இதுதான்: ஹாரிசன் ஒரு நல்ல சிவில் பதவிக்குப் போயிட்டாரு, எனக்குத் தெரிஞ்சவங்க வட்டத்துல அவரு இடத்துக்கு உங்களை விட எனக்குப் பிடிச்ச ஆள் கெடையாது, அதனால முதல்ல உங்ககிட்டதான் கேக்கறேன். சம்பளம் மாசம் 100 டாலர், லெப்டினன்ட் கர்னலுக்கு உள்ள ரேஷன், சாப்பாடு என்னோட மேஜையில, நான் வாழற மாதிரியே நீங்களும் வாழலாம், பெருசா செலவு இருக்காது, வேலையோட தன்மையால செக்ரட்டரிக்கு உச்சகட்ட நம்பிக்கையும் மதிப்பும் கெடைக்கும்.

இதுல சம்பளத்தைப் பாத்து யாரும் ஏமாற வேணாம். 1781ல காங்கிரஸ், அதாவது பதிமூணு மாநிலங்களோட பொது சபை, அடிச்ச காகிதப் பணத்துக்கு மதிப்பே இல்லாம போயிருந்துச்சு, படையில அதிகாரிகளுக்கு சம்பள பாக்கி மலை மாதிரி. அந்தக் கடிதத்துல நெஜமான கூலி கடைசி வரிதான், நம்பிக்கை. ஆள் எடுக்கறப்போ எவ்வளவு வேகமா எழுதுவீங்க, கையெழுத்து எப்படி இருக்கும்னு அந்த இடத்துல எதுவும் கேக்கல, நம்பிக்கையைத்தான் முன்னாடி வெச்சாரு. எடுபிடின்னு நெனைக்கிறவங்களுக்கு இதுவே பாதி பதில்.

ஒரு ஒப்பீடு: பத்திரம் எழுதுறவர்

ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல பத்திரம் எழுதுறவர் உக்காந்திருப்பாரே, அவரை நெனச்சுக்கங்க. நீங்க போய் "இந்த ரெண்டு சென்ட்டைத் தம்பி பேருக்கு எழுதிக் குடுக்கணும், ஆனா கெணத்துல எனக்குப் பங்கு வேணும்"னு சொல்றீங்க. அவரு நீங்க சொன்ன ரெண்டு வரியை மூணு பக்கம் ஆக்கறாரு, நாலு எல்லை சொல்றாரு, நீங்க யோசிக்காத வழிப்பாதை உரிமையை ஞாபகப்படுத்தி சேக்கறாரு. வார்த்தை ஒண்ணுகூட உங்களோடது இல்ல. ஆனா பத்திரம் உங்களோடது. விக்கிறதா வேணாமான்னு அவரு முடிவு பண்ணல, நாளைக்கு கேஸ் வந்தா கோர்ட்டுக்குப் போறதும் நீங்கதான்.

வாஷிங்டனுக்கும் செக்ரட்டரிக்கும் நடுவுல இருந்தது முக்கால்வாசி இதுதான். வார்த்தை இவரோடது, முடிவும் பொறுப்பும் அவரோடது.

ஒப்பீடு உடையிற எடத்தையும் சொல்லிடணும். பத்திரம் எழுதுறவர் சாயந்திரம் வீட்டுக்குப் போயிடுவாரு, உங்க தம்பியோட உங்களுக்கு என்ன சண்டைன்னு அவருக்குத் தெரிய வேண்டியதில்ல. செக்ரட்டரி தளபதி தங்கற வீட்டுலயே தூங்கறாரு, எல்லா சண்டையும் தெரியும், தெரிஞ்சாதான் வேலையே நடக்கும். மீதி கால்வாசி அதுலதான் இருக்கு, கஷ்டமும் அதுலதான்.

ஒரு கடிதம் எப்படி உருவாச்சு

தினமும் தலைமையகத்துக்கு வர்ற தபாலை யோசிச்சுப் பாருங்க. காங்கிரஸ்லேருந்து வரும், பதிமூணு மாநில கவர்னர்கள்கிட்டேருந்து வரும், சம்பளம் வரலன்னு, பதவி உயர்வு குடுக்கலன்னு ஜெனரல்கள் எழுதுவாங்க, கைதிகளை மாத்திக்கறது பத்தி எதிரி தளபதிகிட்டேருந்து வரும், நேச நாடான பிரான்ஸோட அதிகாரிகள்கிட்டேருந்து பிரெஞ்சுல வரும், என் மாட்டை உங்க ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்கன்னு விவசாயி எழுதுவாரு, எதிரி பக்கம் இருக்கற ஊருக்குப் போக பாஸ் வேணும்னு யாராவது ஒரு அம்மா கேப்பாங்க. டெலிஃபோன் இல்லாத காலம், படை நடத்தறதுன்னாலே கடிதம் எழுதறதுதான்.

வாஷிங்டன் படிச்சுப் பாத்து, இதுக்கு என்ன பதில்னு வாயால சொல்லுவாரு, இல்லன்னா குறிப்பா எழுதிக் குடுப்பாரு. அதை வெச்சு செக்ரட்டரியோ உதவியாளரோ டிராஃப்ட் போடுவாரு. டிராஃப்ட்னா அனுப்பறதுக்கு முன்னாடி திருத்தறதுக்காக எழுதற முதல் வடிவம், நம்ம ஊரு கவர்மெண்ட் ஆபீஸ்ல இன்னிக்கும் புழங்கற அதே அர்த்தம்தான். அதை வாஷிங்டன் படிப்பாரு, அடிப்பாரு, நடுவுல எழுதுவாரு, இது ரொம்பக் காட்டம்னு மாத்துவாரு. திருத்தினதை அழகா திரும்ப எழுதினா அது ஃபேர் காப்பி. அதுல கையெழுத்து. ஃபேர் காப்பி குதிரையில போயிடும், அடிச்சுத் திருத்தின டிராஃப்ட் ஆபீஸ்லயே நிக்கும்.

அந்த டிராஃப்ட்டை மடிச்சு வெளிப்பக்கம் யாருக்கு, என்ன தேதி, என்ன விஷயம்னு ஒரு வரி எழுதுவாங்க. இதுக்கு டாக்கெட் போடறதுன்னு பேரு. இந்த ஒரு வரி இல்லன்னா ஆயிரக்கணக்கான காகிதத்துல எதையும் தேடி எடுக்க முடியாது. போர்ல காகிதத்துக்கு ஆபத்து வேற, 1776ல நியூயார்க் விழப் போற நேரத்துல ஒரு பெட்டி நிறைய காகிதங்களை வாஷிங்டன் காங்கிரஸ்கிட்ட பத்திரமா அனுப்பி வெச்சாரு.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: கருத்தும் முடிவும் தளபதிகிட்டேருந்து கெளம்புது, செக்ரட்டரி அதை எழுத்தாக்கறாரு, தளபதி திருத்தறாரு, கையெழுத்து போட்ட பிறகு அது தளபதியோட கடிதம், டிராஃப்ட் மட்டும் சாட்சியா ஆபீஸ்ல தங்கிடுது.

"எனக்காக யோசிக்கிற ஆள் வேணும்"

சரி, அப்ப நல்லா எழுதத் தெரிஞ்ச எந்த குமாஸ்தாவும் போதுமேன்னு கேக்கலாம். போதாது, வாஷிங்டனே சொல்லியிருக்காரு. அவரோட முதல் செக்ரட்டரி ஜோசப் ரீட், பிலடெல்ஃபியா வக்கீல், 1775 ஜூலைல சேந்தாரு, நாலு மாசம் ஆகறதுக்குள்ள வக்கீல் தொழிலைப் பாக்கணும்னு ஊருக்குப் போயிட்டாரு. வாஷிங்டன் திரும்ப வாங்க திரும்ப வாங்கன்னு எழுதிட்டே இருந்தாரு. 1776 ஜனவரி 23ஆம் தேதி எழுதின கடிதத்துல சொல்றாரு, என் நேரமெல்லாம் மேஜையிலயே போகுது, முக்கியமான மத்த கடமைகள் கிடப்புல கெடக்கு, உத்தரவை நிறைவேத்தறவங்க மட்டும் போதாது, எனக்காக யோசிக்கக்கூடியவங்க வேணும்னு.

எனக்காக யோசிக்கறதுன்னா என்ன? எனக்குப் பதிலா முடிவெடுக்கறதுன்னு அர்த்தம் இல்ல. இந்த விஷயத்துல தளபதி என்ன நெனைப்பாரு, எந்தத் தொனியில சொல்லுவாரு, எதைச் சொல்லாம விடுவாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கறது. கவர்னருக்கு எழுதறப்போ கெஞ்சணும், ஆனா கெஞ்சற மாதிரி தெரியக்கூடாது. காங்கிரஸுக்கு எழுதறப்போ படை பட்டினி கெடக்குன்னு சொல்லணும், ஆனா கடிதம் எதிரி கையில மாட்டினா நம்ம பலவீனம் அவனுக்குத் தெரியக்கூடாது. கோவிச்சுக்கிட்டு ராஜினாமா பண்றேன்னு மெரட்டற ஜெனரலுக்கு எழுதறப்போ அவரு ஈகோவும் அடங்கணும், ஆளும் போயிடக்கூடாது. இதை ஒவ்வொரு வரிக்கும் வாஷிங்டன் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தா அதுக்கு அவரே எழுதிடலாம்.

இதோட உச்சம் 1777 கடைசில நடந்துச்சு. வடக்குல சரடோகால ஜெனரல் கேட்ஸ் பெரிய வெற்றி பெற்றாரு, வாஷிங்டன் பென்சில்வேனியால திணறிட்டு இருக்காரு. கேட்ஸோட படையில ஒரு பகுதி வேணும். கேட்ஸ் அப்ப நாட்டோட ஹீரோ, உத்தரவு போட்டா சண்டையாயிடும். அனுப்பினது யாரைன்னா இருபதுகளோட ஆரம்பத்துல இருந்த ஹாமில்டனை. குடுத்த எழுத்துல, படை வேணும், ஆனா கேட்ஸ் அந்தப் படையை வெச்சு நாட்டுக்கு இதைவிடப் பெரிய நன்மை ஏதாவது திட்டம் போட்டிருந்தா அதை நான் கெடுக்க விரும்பலன்னும் இருக்கு. அதாவது எது பெரிய நன்மைன்னு அங்க போய் எடைபோட வேண்டியது ஹாமில்டன். கேட்ஸ் இருக்கறதுலயே ஆள் கம்மியான படைப்பிரிவைத் தள்ளிவிடப் பாத்தாரு, ஹாமில்டன் விடல, எழுத்துல கேட்டு வாங்கினாரு. வாஷிங்டன் பின்னாடி, நீ எடுத்த எல்லா நடவடிக்கையையும் ஒத்துக்கறேன்னு எழுதினாரு.

நிழல் ராஜா கதை சொல்றவங்க இந்த சம்பவத்தைத்தான் தூக்கிட்டு வருவாங்க. ஆனா நல்லா பாருங்க, எல்லை எங்கன்னு எழுதிக் குடுத்தவரு வாஷிங்டன், அந்த எல்லைக்குள்ள சுதந்திரம் ஹாமில்டனுக்கு, திரும்பி வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டியதும் ஹாமில்டன்தான். ஹாமில்டன் வர்றதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், போனப்புறம் பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச யார்க்டவுன் வரைக்கும் அதுக்கப்புறமும் வாஷிங்டன் கடிதங்களோட குரல் ஒரே மாதிரிதான் இருக்கு. எழுதற கை மாறிட்டே இருந்துச்சு, வரலாற்றாசிரியர் ஆர்தர் லெஃப்கோவிட்ஸ் கணக்குப்படி போர் முழுக்க 32 பேர். மூளை ஹாமில்டனோடதுன்னா மத்த 31 பேர் எழுதினது எப்படி அதே மாதிரி இருக்கும்?

வசதி எப்படி

"நான் வாழற மாதிரி வாழலாம்"னு ட்ரம்புலுக்கு எழுதினாரே, அது எப்படின்னும் பாக்கணும். 1776 ஏப்ரல்ல வாஷிங்டன் காங்கிரஸுக்கு எழுதறாரு, என் உதவியாளர்களுக்குத் தெரியாம, அவங்க கேக்காமயே எழுதறேன், அவங்க படற பாட்டுக்கு சம்பளம் பத்தாது, நான் எந்தக் கேளிக்கைக்கும் போறதில்ல, அதனால என்கூட இருக்கறவங்களுக்கும் அது கெடையாது, காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் மனுக்களையும் கடிதங்களையும் பாத்துட்டு அடைஞ்சு கெடக்கறாங்கன்னு. முதலாளி தொழிலாளிக்காக எழுதின சம்பள உயர்வு சிபாரிசுல இதைவிட வெளிப்படையா ஒண்ணு நான் படிச்சதில்ல.

1780 ஜனவரில மோரிஸ்டவுன்ல கடுங்குளிர். வாஷிங்டன் தங்கின வீட்டுல அவரோட ஆளுங்க 18 பேரும் வீட்டுக்கார ஃபோர்டு அம்மாவோட ஆளுங்களும் ஒரே சமையக்கட்டுல அடைஞ்சு கெடந்தாங்க, சளி புடிச்சு ஒருத்தருக்கும் குரலே வரலன்னு வாஷிங்டன் புலம்பியிருக்காரு. இதுல உக்காந்துதான் பறவை எறகுப் பேனாவால பக்கம் பக்கமா எழுதணும்.

டென்ச் டில்மன்னு ஒருத்தர், 1776லேருந்து ரொம்ப காலம் சம்பளமே வாங்காம தொண்டரா இந்த வேலை பாத்தாரு. யார்க்டவுன்ல பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச செய்தியை 1781 அக்டோபர்ல பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டு போனதும் அவருதான், காய்ச்சலோட. வந்த தூதருக்கு செலவுக்குக் குடுக்க கஜானால காசு இல்ல, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டுக் குடுத்தோம்னு காங்கிரஸ்ல இருந்த எலியாஸ் பூடினோ எழுதி வெச்சிருக்காரு.

நம்பிக்கை உடைஞ்சா என்ன ஆகும்

கடிதத்தோட கடைசி வரில நம்பிக்கைன்னு வந்துச்சே, அதை வாஷிங்டன் சும்மா மரியாதைக்கு எழுதல. அவருக்கு சூடு பட்டிருக்கு. வருந்தி வருந்திக் கூப்பிட்ட அதே ஜோசப் ரீட், 1776ல அட்ஜுட்டன்ட் ஜெனரலா திரும்பி வந்தாரு. அட்ஜுட்டன்ட் ஜெனரல்னா படையோட உத்தரவு, ஆள் கணக்கு, வருகைப் பட்டியல் நிர்வாகம் பாக்கற அதிகாரி. அந்த நவம்பர்ல மன்ஹாட்டன்ல ஃபோர்ட் வாஷிங்டன் கோட்டை விழுந்து, உள்ள இருந்த 2,800க்கும் மேற்பட்டவங்க கைதியாயிட்டாங்க. தளபதி முடிவெடுக்கத் தயங்கினதுதான் காரணம்னு ரீட் நெனச்சாரு. அதை வாஷிங்டன்கிட்ட சொல்லாம, ரெண்டாவது எடத்துல இருந்த ஜெனரல் சார்லஸ் லீக்கு எழுதினாரு.

லீயோட பதில் வந்தப்போ ரீட் ஊர்ல இல்ல. ஆபீஸ் விஷயமா இருக்கும்னு வாஷிங்டன் பிரிச்சாரு. உள்ள, முடிவெடுக்கத் தெரியாத அந்த நாசகாரத் தயக்கத்தை நெனச்சு உங்களோட சேந்து நானும் வருந்தறேன்னு லீ எழுதியிருக்காரு. வாஷிங்டன் என்ன பண்ணாருன்னா, கத்தல, வெலக்கல. தனிப்பட்ட கடிதம்னு தெரியாம பிரிச்சுட்டேன், மன்னிக்கணும்னு ஒரு குறிப்பு எழுதி அதே கடிதத்தை ரீடுக்கு அனுப்பி வெச்சாரு. அதைப் படிச்சப்போ ரீடோட மூஞ்சி எப்படி இருந்திருக்கும்! பின்னாடி பேசித் தீத்துக்கிட்டாங்க, ஆனா பழைய ஒட்டுதல் திரும்பல.

செக்ரட்டரி வேலையில ஆபத்து எங்க இருக்குன்னு இது காட்டுது. தளபதியோட தயக்கம், பயம், கணக்கு எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பாக்கறவரு அவரு ஒருத்தர்தான். அதனாலதான் ட்ரம்புலை எடுத்ததுல எனக்கு ஒரு கணக்கு தெரியுது. அப்ப அவருக்கு நாப்பது வயசு தாண்டிடுச்சு, படையில வடக்குப் பிரிவுக்கு சம்பளப் பட்டுவாடா பாத்தவரு, தேசக் கருவூலத்துல கணக்கு அதிகாரியா இருந்தவரு, அப்பா கவர்னர். போர்க்களத்துல பேர் வாங்கணும்னு துடிக்கற வயசும் இல்ல, ஹாமில்டன் மாதிரி படியில நின்னு வெடிக்கற ஆளும் இல்ல. கவர்னர் வீட்டுல வளந்தவருக்கு இன்னொரு கவர்னருக்கு எப்படி எழுதணும்னு சொல்லித் தரத் தேவையில்ல. இது என்னோட ஊகம்தான், கடிதத்துல அப்படி இல்ல. ட்ரம்புல் ஒத்துக்கிட்டு ஜூன்ல வந்து சேந்தாரு, அந்த அக்டோபர்லயே யார்க்டவுன் முற்றுகையைப் பக்கத்துல இருந்து பாத்துக் குறிப்பு எழுதி வெச்சாரு, போர் முடியற வரைக்கும் இருந்தாரு. பிற்பாடு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையோட ரெண்டாவது சபாநாயகர், அப்பா மாதிரியே கனெக்டிகட் கவர்னர்.

இந்தப் பகுதியோட சுருக்கம்: செக்ரட்டரிக்கு வேண்டியது எழுத்துத் திறமை மட்டும் இல்ல, தளபதியோட மனசு தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சதை வெளிய விடாம இருக்கணும். ரெண்டாவது இல்லன்னா முதலாவது ஆபத்து.

செக்ரட்டரி, ஏடிசி, ரெக்கார்டிங் செக்ரட்டரி: குழப்பம் வேணாம்

ஏடிசின்னா நமக்கு கவர்னர் பின்னாடி யூனிஃபார்ம்ல வெறப்பா நிக்கிறவருதான் ஞாபகம் வரும். அன்னிக்கு ஏடிசின்னா தளபதியோட நேரடி உதவி அதிகாரி, களத்துல அவரோட உத்தரவைக் கொண்டு போறது, சேதி கொண்டு வர்றது, ஹாமில்டன் 1777 மார்ச்ல சேந்தது இந்தப் பதவிக்குத்தான், செக்ரட்டரியா இல்ல. நடைமுறைல வேலை கலந்துதான் கெடந்துச்சு, கடிதம் குவிஞ்சா ஏடிசிங்களும் பேனாவை எடுப்பாங்க. ஆனா எழுத்து வேலை முழுசுக்கும் பொறுப்பு செக்ரட்டரிதான்.

ரெக்கார்டிங் செக்ரட்டரி முற்றிலும் வேற. ட்ரம்புலுக்கு எழுதின அடுத்த மாசமே, மே 25ஆம் தேதி, ரிச்சர்ட் வேரிக்னு ஒருத்தரை அந்த வேலைக்கு வாஷிங்டன் எடுக்கறாரு, போர் ஆரம்பிச்சதுலேருந்து சேந்த காகிதம் எல்லாத்தையும் வகை பிரிச்சு நோட்டுல படியெடுக்கற வேலை. இவருக்குக் குடுத்த எழுத்து ட்ரம்புல் கடிதத்துக்கு நேர் எதிர், நம்பிக்கை பத்திப் பேச்சு இல்ல, எல்லாம் ஸ்பெசிஃபிகேஷன்: காங்கிரஸுக்கு எழுதினது தனி, அதிகாரிகளுக்குத் தனி, கவர்னர்களுக்குத் தனி, எதிரிக்கு எழுதினது தனி, எழுதறவங்க கையெழுத்து சுத்தமா இருக்கணும், எல்லா நோட்டுலயும் ஒரே அளவு மார்ஜின், சம இடைவெளில கறுப்புக் கோடு, தேடறதுக்கு இன்டெக்ஸ். இதுல இன்னொரு விசேஷம், வேரிக் யாருன்னா முந்தின வருஷம் துரோகம் பண்ணி எதிரி பக்கம் ஓடின பெனடிக்ட் ஆர்னால்டோட உதவியாளர். விசாரணைல குற்றம் இல்லன்னு வந்தாலும் ஊர் சந்தேகமாத்தான் பாத்துச்சு. அவரு கையில தன்னோட மொத்த கடிதத்தையும் வாஷிங்டன் தூக்கிக் குடுத்தாரு. ட்ரம்புலுக்கு நம்பிக்கையை எழுத்துல சொன்னவரு இவருக்குச் செயல்ல காட்டினாரு. ஹட்சன் கரையில பக்கிப்சி ஊர்ல உக்காந்து ரெண்டரை வருஷத்துல 44 பெரிய நோட்டு முடிச்சாங்க. அதெல்லாம் இன்னிக்கு வாஷிங்டன் நகரத்துல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருக்கு.

இன்னிக்கு செய்தில அடிபடற பேருங்களும் வேற வேற. வெள்ளை மாளிகைல ஸ்டாஃப் செக்ரட்டரின்னு ஒரு பதவி இருக்கு, ஐசனோவர் ராணுவத்துலேருந்து வந்த ஜனாதிபதி, அந்தப் பழக்கத்துல கொண்டு வந்தது, முதல்ல கேரோல், அவரு இறந்தப்புறம் 1954லேருந்து குட்பாஸ்டர், ரெண்டு பேரும் ராணுவ அதிகாரிங்க. ஜனாதிபதி மேஜைக்கு எந்தக் காகிதம் எப்ப போகணும், போறதுக்கு முன்னாடி யார் யார் பாத்திருக்கணும்னு கவனிக்கற வேலை. புஷ் காலத்துல இதைப் பாத்த பிரெட் கேவனா பின்னாடி சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆனாரு. இந்திய ராணுவத்துல மிலிட்டரி செக்ரட்டரின்னா அதிகாரிகளோட போஸ்டிங், பதவி உயர்வு பாக்கற பிரிவோட தலைவர். அதுக்கும் ஹாரிசன் பாத்த வேலைக்கும் பேரு மட்டும்தான் பொருத்தம்.

வாஷிங்டன் கடிதம் ஒண்ணு கண்ணுல பட்டா

அச்சுப் பதிப்புல ஒவ்வொரு கடிதத்துக்குக் கீழயும் பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும், டிராஃப்ட் ஹாமில்டன் கையெழுத்துல, இல்ல ஹாரிசன் கையெழுத்துல, டில்மன் கையெழுத்துலன்னு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "பாத்தீங்களா, இவருதான் எழுதினாரு"ன்னு போடறவங்க நெறைய பேர். டிராஃப்ட் யார் கையிலன்னு பாத்ததோட நிறுத்தாம, அதுல வாஷிங்டன் கையால அடிச்ச எடம், சேத்த வரி ஏதாவது குறிச்சிருக்கான்னும் பாருங்க. பதிப்பாசிரியர்கள் அதையும் அந்தக் குறிப்புலயே சொல்லிடுவாங்க. திருத்தமே இல்லாம போன டிராஃப்ட்னா செக்ரட்டரி மனசு புரிஞ்சு எழுதியிருக்காருன்னு அர்த்தம். நெறைய திருத்தம் இருந்தா எந்த வார்த்தை மாறியிருக்குன்னு பாருங்க, அன்னிக்கு அந்த மேஜையில என்ன பேச்சு நடந்திருக்கும்னு ஓரளவுக்கு ஊகிக்கலாம்.